தலையில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்த பிறகு: அரசுப் பணம் பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2018-இல் நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையில் என் தம்பி பைக்கிலிருந்து விழுந்தான். பதினெட்டு நாள் கண் திறக்கவில்லை. திறந்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று புரிந்தது: உயிரைக் காப்பாற்ற அரசிடம் திட்டம் இருக்கிறது. காப்பாற்றிய உயிரைப் பார்த்துக்கொள்ளும் திட்டங்களை நாமாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் அம்பையிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நான் பள்ளிக்கூட டீச்சர். இதில் எழுதியிருப்பது ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததிலும், கேட்டவர்களுக்காக அப்புறம் விசாரித்ததிலும் கற்றது.

விபத்து நடந்த அன்று பையில் பணமே இல்லை. யார் கட்டுவார்கள்?

அரசு கட்டும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். காப்பீட்டு அட்டை வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆரம்பத்தில் ஒரு லட்சம் என்றிருந்த உச்சவரம்பைப் பிறகு இரண்டு லட்சமாக்கினார்கள்.

இதுபோக மத்திய அரசு 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. சாலை விபத்தில் சிக்கிய ஒருவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை.

அட்மிஷன் மேஜையில் "முதலில் ஐம்பதாயிரம் கட்டுங்கள்" என்றால், "நாற்பத்தெட்டு மணி நேரத் திட்டத்தில் இந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். இருக்கிறது என்றால் பேச்சு மாறும். இல்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நாங்கள் அந்த முதல் இரவில் நகையை அடகு வைத்தோம். அப்போது இந்தத் திட்டம் இல்லை.

48 மணி நேரம் முடிந்ததும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-இல் இன்றைய பெயருக்கு மாறி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுக்கும் அறுவை சிகிச்சை, ஐசியூ, வென்டிலேட்டர் எல்லாம் இதில் வரும்.

அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானத்துக்கு எழுதி வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-இல். சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் பழைய நினைப்பில் இங்கே வந்து நிற்காதீர்கள், உங்களுக்குத் தென்காசி. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே வீட்டில் ஒருவர் போய் இதைச் செய்துவிடலாம். விவரம் கேட்க இலவச எண் 1800 425 3993.

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றுவிட்டார்கள். மூக்கில் குழாய், இடது பக்கம் அசைவில்லை. இனிமேல் செலவை யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் ராத்திரி பதினோரு மணிக்கும் போன் போட்டுக் கேட்கிறார்கள். நல்ல பதில் இல்லை என்பதால் பலரும் பூசி மெழுகுவார்கள். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

காப்பீட்டுப் பணம் படுக்கையோடு கட்டப்பட்டது. படுக்கையை விட்டு எழுந்ததும் அது நின்றுவிடுகிறது. ஆயுஷ்மான் பாரத் விதியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு பதினைந்து நாள் மருந்து, பரிசோதனை வரைதான் கணக்கு. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி, பெரியவர்களுக்கான டயப்பர், காற்று மெத்தை, பார்த்துக்கொள்ள வைக்கும் ஆளின் சம்பளம் எதுவும் அதில் கிடையாது. மூளை அடிபட்டவருக்கோ உண்மையான வேலை அந்தப் பதினாறாம் நாள்தான் ஆரம்பிக்கிறது. முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். அந்தக் காலத்தில் பயிற்சி இல்லாமல் கிடந்தால் கை மடங்கியபடியே இறுகிப்போகும், முதுகில் புண் வரும். புண் வந்தால் மறுபடி ஆஸ்பத்திரி, அதற்குக் காப்பீடு உண்டு! புண் வராமல் தடுக்கும் மெத்தைக்கு இல்லை. இந்தக் கணக்கு இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, கிடைப்பதைப் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றுதான் ஊரில் பலரும் நினைத்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கும் அது பொருந்தும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லிவையுங்கள். தினமும் வரமாட்டார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு வட்டாரத்தையே சுற்ற வேண்டியிருக்கிறது. அதனால் வரும் நாளில் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், முடிந்தால் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நீங்கள்தான் பிசியோ. என் தம்பியின் விரல்களை நிமிர்த்தியது எங்கள் அம்மாதான். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசிக்குள் கையை விடச் சொல்லி, அரிசியை அள்ளு, அள்ளு என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிக்குப் பிசியோதெரபி இலவசம். சிக்கல் போய்வருவதில்தான். ராதாபுரத்திலிருந்து வாரம் மூன்று நாள் ஆட்டோவில் யார் போய்வர முடியும்? நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் 2021-லிருந்து டிக்கெட் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் தலை நிற்காதவரை டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகையின் அருமை தெரியும்.

புனர்வாழ்வுக்கென்றே உள்ள அரசு மருத்துவ நிலையம் சென்னை கே.கே. நகரில் இருக்கிறது. இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். புதிதாக வந்திருப்பது 'உரிமைகள்' திட்டம். உலக வங்கி 2022-இல் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கிறார்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். உங்கள் பகுதிக்கு மையம் எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சக்கர நாற்காலி?

கிடைக்கும். நல அலுவலகத்தில் விண்ணப்பம், இலவசம். மத்திய அரசின் உபகரண உதவித் திட்டத்தில் மாத வருமானம் 22,500 வரை முழு இலவசம், 30,000 வரை பாதி விலை. முகாமில் அவசரமாகக் கையில் கிடைத்ததை வாங்கிவராதீர்கள். கழுத்து நிற்காதவருக்குத் தலைத்தாங்கி உள்ளது வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

அவர் நடக்கிறார், பேசுகிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

அலைச்சல் அதிகம் இந்தச் சான்றிதழில்தான், தெரிந்து போனால் பலனும் அதிகம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலில் இருக்கின்றன. 'விபத்தில் மூளை பாதித்தவர்' என்று தனியாக ஒரு வகை கிடையாது. ஆகவே நம் ஆளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல வாசல்களில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கைகால் வராதது இயக்கக் குறைபாட்டில் சேரும், ஏனென்றால் நரம்பு மண்டலத்தால் வந்த அசைவுக் குறைவையும் சட்டம் அதில் சேர்த்திருக்கிறது. சொல் வராமல் திண்டாடுவது, மருத்துவர்கள் 'அஃபேசியா' என்பார்களே, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு. மறதி, கோபம், எதற்கும் எழுந்திருக்காத மந்தம், முன்பின் யோசிக்காமல் செய்வது, இதையெல்லாம் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அவர்களிடம் 'ஐடியாஸ்' என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பில் மதிப்பெண் போடுவார்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் எலும்பு மருத்துவரிடம் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. நாங்களும் அதைத்தான் செய்தோம். சான்றிதழ் தரும் மருத்துவ போர்டில் இருந்தவர் தம்பியை நடக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். "பேரென்ன?" கேட்டார், சொன்னான். "நல்லாத்தானம்மா இருக்கான்" என்று 35 சதவீதம் எழுதிவிட்டார். நாற்பதுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்டிருந்தால் போதும். அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் அரசு விதியிலேயே ஒரு கூட்டல் சூத்திரம் இருக்கிறது. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சிறிய எண்ணை 90-இல் மிச்சமிருக்கும் பங்குக்கு ஏற்றபடி கூட்டுவார்கள். உதாரணம்: கைகாலுக்கு 60, மனநலத்தில் 45. அப்படியே கூட்டினால் 105 வரும், அது நடக்காது. 90-இலிருந்து 60 போனால் 30. 45-ஐ 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 15. ஆக 60-உம் 15-உம் 75. இந்த 75 என்ற எண்ணை மறக்காதீர்கள், அடுத்த கேள்வியில் வேலை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாதிப்பையும் மதிப்பிட்டுத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போகும்போது சி.டி. ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு வாரம் அவர் என்னென்ன மறந்தார், எப்போது கோபப்பட்டார், எதற்கு உதவி தேவைப்பட்டது என்று நீங்கள் எழுதிய ஒரு குறிப்பு, மூன்றையும் எடுத்துப் போங்கள். நாங்கள் இரண்டாம் முறை போனபோது அந்தக் குறிப்பைத்தான் மருத்துவர் நின்று படித்தார்.

விண்ணப்பம் இணையத்தில், தனித்துவ அடையாள அட்டைக்கான ஸ்வாவலம்பன் தளத்தில். இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள்.

மாதாமாதம் பணம் வருமா? எவ்வளவு?

இரண்டு வழி. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். முன்பு 1,500-ஆக இருந்தது. 75 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்ற சில வகைகளுக்கு 40 சதவீதமே போதும். மூளைக்காயம் அந்தச் சலுகைப் பட்டியலில் பெயரோடு இல்லை. அதனால்தான் மேலே 75-ஐ நினைவில் வைக்கச் சொன்னேன். முழுக்கப் பிறர் உதவியிலேயே இருப்பவருக்கு உதவியாளர் படியாக மாதம் 1,000 ரூபாயும் இதே துறையில் உண்டு, தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், மாதம் 1,500. வருமானமும் ஆதரவும் இல்லாத நிலையில், 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது.

இழுத்தடித்தால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். ஆளையே தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார வைக்க வேண்டியதில்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பார்க்கவே சங்கடமாக இருக்கும். மனுவும் ரசீது எண்ணும் போதும்.

ரோட்டு விபத்து இல்லை. பனையிலிருந்து விழுந்தார் / பக்கவாதம் வந்தது. இதெல்லாம் அவர்களுக்கும் உண்டா?

48 மணி நேரத் திட்டமும் மத்திய அரசின் ஏழு நாள் திட்டமும் கிடையாது, அவை சாலை விபத்துக்கு மட்டும். காப்பீடு, சான்றிதழ், உதவித்தொகை எல்லாம் உண்டு. காயம் எப்படி வந்தது என்று அவை கேட்பதில்லை.

பனையேறிகள், கொத்தனார்கள், சித்தாள்கள் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து ஊனத்துக்கு வாரியத்திலும் நிதி உண்டு. பனைமரத் தொழிலாளர்களுக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் தனித்தனி வாரியம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். விவசாயக் குடும்பம் என்றால் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் தாசில்தாரிடம் கேளுங்கள்.

கேஸ் போட்டால் நஷ்டஈடு வருமா?

சாலை விபத்து என்றால் பெரிய பணம் வரக்கூடிய ஒரே வழி இதுதான். அரசு தரும் 2,000-ஐ வைத்து ஒருவரை இருபது வருஷம் பார்த்துக்கொள்ள முடியாது.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இந்தக் கெடு சட்டத்தில் இருக்கிறது. ஐசியூ வாசலில் நிற்கிறவர்களுக்கு ஆறு மாதம் எப்படிப் போகிறது என்றே தெரியாது, ஆகவே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். திருப்பூரிலோ சென்னையிலோ அடிபட்டிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம்.

இரண்டு தீர்ப்புகளை வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம், சான்றிதழில் உள்ள ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று தெளிவாகச் சொன்னது. கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு நினைவு போனால், சான்றிதழ் 45 என்றாலும் இழப்பு நூறாக இருக்கலாம். 2020-இல் தலைக்காயத்தால் முழுக்கப் பிறரை நம்பி வாழ வேண்டிவந்த ஒரு சிறுமியின் வழக்கில், பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளத்தையும் வருமான இழப்பைப் போலவே ஆண்டுக் கணக்கில் பெருக்கித் தர வேண்டும் என்றது. இரண்டு ஆட்களுக்கும் சேர்த்து மாதம் பத்தாயிரம், பதினெட்டு ஆண்டுப் பெருக்கல், அந்தத் தலைப்பில் மட்டும் 21,60,000 ரூபாய். எங்கள் மனுவில் 'ஆள் செலவு' என்று ஐம்பதாயிரம் போட்டிருந்தார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

அம்மா பார்த்துக்கொள்கிறாள், அதற்கு ஏன் காசு என்று எதிர்த்தரப்பில் கேட்பார்கள். கேட்கட்டும், அம்மாவின் உழைப்புக்கும் விலை உண்டு.

வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை. இடித்த வண்டி எது என்றே தெரியவில்லையா? அதற்கும் 2022-லிருந்து ஒரு திட்டம், பலத்த காயத்துக்கு 50,000. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டது. ஈ.எஸ்.ஐ. உண்டு.

அப்படியானால் நீங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தப்பித்தீர்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடந்த விபத்தையும் பணியிடக் காயமாக எடுத்துக்கொள்ளலாம். குணமாகும் வரை சம்பளத்தில் சுமார் 90 சதவீதம், ஊனம் நிரந்தரமானால் அதன் அளவுக்கேற்ப ஆயுள் முழுக்க மாதத் தொகை. முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பாமல் விடுவதுதான் வழக்கம்.

வங்கியில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் காப்பீடு?

பிரதமரின் சுரக்ஷா பீமா. முழு ஊனத்துக்கு இரண்டு லட்சம், பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம். ஆனால் ஊனம் என்றால் என்ன என்று அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: கண், கை, கால். மூளை என்ற சொல்லே இல்லை. ஒரு பக்கக் கைகால் நிரந்தரமாகச் செயலிழந்திருந்தால் அந்த வழியில் கேட்டுப் பாருங்கள். நினைவு மட்டும் போனவருக்கு இருபது ரூபாய் போனதுதான்.

அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை.

நோட்டரி பத்திரம் எல்லாம் செல்லாது, அதற்குச் செலவழிக்காதீர்கள். நினைவில்லாதவர் அதிகாரம் எழுதிக் கொடுக்க முடியாதல்லவா. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்குத்தான். சான்றிதழில் பல்வகைக் குறைபாடு என்று இருந்தால் அந்தக் கதவைத் தட்டலாம். கோமாவில் இருப்பவர் என்றால் உயர் நீதிமன்றம்தான் வழி, நமக்கு மதுரைக் கிளை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் செலவிட மனைவிக்கு அனுமதி கொடுத்தது. கீழ் நீதிமன்றத்துக்கு அலையவிடாமல் நேராகவே கொடுத்த உத்தரவு அது.

அடிக்கிறார். முன்பு அதிர்ந்து பேசாத மனுஷன். சொந்தக்காரர்கள் கோடாங்கியிடம் போகச் சொல்கிறார்கள்.

கோடாங்கியிடம் போனால் கோழியும் போகும், நாளும் போகும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அடிபட்டால் கோபத்தைப் பிடித்து நிறுத்தும் கடிவாளமே அறுந்துபோகிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரும் மாத்திரையும் இலவசம். ராத்திரி சமாளிக்க முடியாவிட்டால் 14416-க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். அடி தாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தத் தர்மமும் இல்லை. அந்த நேரம் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பார்த்துக்கொள்கிற எனக்கு ஏதாவது உண்டா?

முக்கூடல் பக்கத்து மைனி ஒருத்தர் கேட்டது இது. மடியில் சுளவை வைத்து பீடி சுற்றிக்கொண்டே கணவருக்கு மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுத்து, இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறார். முன்பு சுற்றியதில் பாதிகூட இப்போது முடியவில்லை. அந்தப் பாதிக் கூலியை ஈடுகட்ட நேரடியாக அவர் பெயரில் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன 1,000 ரூபாய் உதவியாளர் படிதான்.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளாவில் 'ஆஸ்வாசகிரணம்' என்று படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கிறவர் பெயரிலேயே மாதம் 600 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. தொகை சிறிதுதான். அதைவிட எனக்குப் பொறாமையாக இருப்பது, அங்கே ஊராட்சி தோறும் வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்புச் செவிலியர் அணிதான். மலைக்கு இந்தப் பக்கமும் அதே நோய்தானே.

இவ்வளவுக்கும் அரசு பணத்துக்கு எங்கே போகும்?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தாசில்தார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் போக்குவரத்து அபராதத்திலிருந்து ஒரு பங்கு மூளை, தண்டுவடக் காயம் பட்டவர்களின் மறுவாழ்வு நிதிக்குப் போகிறது. நியூசிலாந்தில் 1974-லிருந்து யார் மேல் தப்பு என்றே கேட்காமல், விபத்தில் அடிபட்ட எல்லோருக்கும் சிகிச்சையும் மறுவாழ்வும் ஒரே அரசு நிதியத்திலிருந்து. இங்கே ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். வண்ணார்பேட்டை மேம்பாலத்தடியில் ஒரு காலையில் எவ்வளவு வசூலாகிறது என்று நின்று பாருங்கள். அதில் ரூபாய்க்குப் பத்துப் பைசா தனியாக எடுத்துவைத்தால் மாவட்டத்துக்கு ஒரு மறுவாழ்வு வார்டு நடத்தலாம் என்பது என் கணக்கு. அவர் "நல்ல யோசனைதான், ஆனா கணக்குத் தலைப்பு வேணுமே" என்றார்.

கணக்குத் தலைப்பு வர முதலில் எண்ணிக்கை வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. செத்தவர்களை ஒற்றை எண் வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள். பிழைத்துவந்து பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதில் கட்டம் இல்லை, 'பலத்த காயம்' என்பதற்குள் கால் முறிந்தவரோடு சேர்ந்து கிடக்கிறார்கள்.

என்னென்ன தாள்களைப் பத்திரமாக வைக்க வேண்டும்?

ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் சி.டி. ஸ்கேன் படமும் அறிக்கையும். மருந்துக்கடை, ஆட்டோ ரசீதுகள்கூட வேண்டும், தீர்ப்பாயத்தில் ஒவ்வொன்றும் பேசும். ஏ.ஆர். காப்பி என்பது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது. அதில் 'சாலை விபத்து' என்பதற்குப் பதில் 'கீழே விழுந்தார்' என்று எழுதிவிட்டால் பிற்பாடு கேஸே ஆட்டம் காணும், அன்றைக்கே கவனியுங்கள். எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மங்கிப்போகும் ரசீதுகளை நகல் எடுத்துவிடுங்கள்.

லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். எங்கள் அம்மா பாசத்தில் தம்பியின் சான்றிதழையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பாளையங்கோட்டையில் கொடுத்து லேமினேட் செய்து, மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தாள். அடுத்த போர்டில் சரிபார்த்த முத்திரையை அதன் மேல் குத்தினார்கள். மை ஒட்டவில்லை, வழித்துக்கொண்டு வந்துவிட்டது. மறு நகல் வாங்க இன்னொரு பதினொரு வாரம் ஆனது.